வேலைக்கு ஆள் எடுக்குமுன் விசாரிப்பது எப்படி?

(கிராமிய சங்க நிர்வாகிகளுக்கான பாடம்)

எமது பகுதிகளில் கலியாணப் பேச்சு வந்தால் விசாரிக்கும் முறை ஒன்று உண்டு. குறிப்புப் பொருந்தியதும் மாப்பிள்ளையின் ஊருக்கு இரகசியமாக ஆள் அனுப்புவார்கள். குடிவகை உண்டோ, கடன்தனி உண்டோ, தாய் தகப்பன் எப்படி, எந்தக் குறிச்சி என்றெல்லாம் அயலட்டையில் கேட்பார்கள். யாரோ ஒருவர் சொன்ன ஒரு சொல்லால் அந்தச் சம்பந்தம் குழம்பிப் போகும். ஏன் குழம்பியது என்று மறு பகுதியாருக்குக் கடைசிவரை தெரியவராது.

வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் எமது சங்கங்கள் பல இந்த வழியையே கைக்கொள்கின்றன. விசாரிப்பது பிழையன்று, விசாரிக்காமல் விடுவதே பிழை. ஆனால் எதை, யாரிடம், எப்படி விசாரிப்பது என்பதற்கு வரம்பு உண்டு. அந்த வரம்பு எது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

ஓர் உதாரணம்

காரைநகரில் மாதர் சேமிப்புச் சங்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சங்கமும் ஆட்களும் பாடத்துக்காகக் கற்பனை செய்யப்பட்டவர்களே. சங்கத்துக்கு அங்கத்தவர்களின் சேமிப்பும் மா, மிளகாய் அரைக்கும் ஆலை ஒன்றும் உண்டு. காசாளர் ஒருவர் தேவைப்படுகிறார். மூவர் விண்ணப்பித்துள்ளனர்.

முதலாமவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். வன்னியில் கூட்டுறவுக் கடையொன்றில் வேலை செய்தவர். சாதாரண தரம் சித்தியடைந்ததாகச் சொல்கிறார். சான்றிதழ் 1991ஆம் ஆண்டு இடப்பெயர்வில் தொலைந்து விட்டது. இரண்டாமவர் போர் முடிந்த பின் புனர்வாழ்வு பெற்று வந்தவர். கணினியில் கணக்கு எழுதத் தெரிந்தவர். மூன்றாமவர் யாழ். நகரில் ஒரு கடையில் கணக்குப் பார்த்தவர். அவருடைய கோவையில் எல்லாக் கடதாசியும் ஒழுங்காக உள்ளது.

நிர்வாக சபைக் கூட்டத்தில் நடக்கும் பேச்சு இது:

"மூண்டாவது தம்பியின்ரை கடதாசி எல்லாம் வடிவாய் இருக்கு. அவரையே எடுப்பம்" என்கிறார் தலைவி.

"அந்த அக்காவிட்டை ஒரு சேட்டிபிக்கற்றும் இல்லையே. படிச்சவ எண்டு எப்பிடி நம்புறது?" என்கிறார் செயலாளர்.

"ரெண்டாவது ஆள் இயக்கத்திலை இருந்தவர். நாளைக்கு எங்களை வந்து விசாரிச்சால் ஆர் பதில் சொல்லுறது?" என்று ஒருவர் கேட்கிறார்.

"ஆர் எந்தக் குறிச்சி எண்டும் பாக்கத்தானே வேணும்" என்கிறார் இன்னொருவர் மெதுவாக.

ஐந்து நிமிடத்தில் மூவரின் கதையும் முடிந்துவிட்டது. ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்கப்படவில்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் விசாரணை தேவையில்லை என்று நினைக்கிறோம். உண்மையில் அப்படியான ஊரிலேதான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. எமக்குத் தெரிந்தது என்று நாம் நினைப்பதிற் பெரும்பகுதி கேள்விப்பட்டதே.

1. ஏன் விசாரிக்கிறோம்?

காசாளரின் கையில் இருக்கப்போவது ஏழைப் பெண்களின் காசு. முன்பள்ளி ஆசிரியையின் கையில் இருப்பவர்கள் குழந்தைகள். படகோட்டியின் கையில் இருப்பது பயணிகளின் உயிர். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் அந்த வேலையின் ஆபத்தைப் பொறுத்தே விசாரணை அமைய வேண்டும். காசாளரிடம் கணக்கு அறிவும் நேர்மையும் தேவை. குழந்தைகளோடு வேலை செய்பவரிடம் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்த வரலாறு இல்லை என்ற உறுதி தேவை. முற்றம் கூட்டுபவரின் வங்கிக் கடனை அறிய எமக்கு ஒரு நியாயமும் இல்லை.

விளம்பரம் போடுமுன் சபை கூடி, இந்த வேலைக்கு அறிய வேண்டியவை எவை என்று ஒரு கடதாசியில் எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாததைப் பின்னர் எவரும் கேட்கக் கூடாது. விண்ணப்பதாரிகள் அனைவரிடமும் ஒரே பட்டியலின்படியே கேட்க வேண்டும்.

2. எதைக் கேட்கக் கூடாது?

"எந்தக் குறிச்சி?" என்ற கேள்வி விலாசம் அறியக் கேட்கப்படுவதில்லை என்பது எம் எல்லோருக்கும் தெரியும். அது சாதியை அறியும் கேள்வி. சாதியின் பெயரால் ஒருவருக்குச் சமூகக் குறைபாடு விதிப்பதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் என்பவற்றைக் கொண்டு பாரபட்சம் காட்டலாகாது என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. அது முக்கியமாக அரசின் செயல்களுக்கு உரியது. சங்கம் அரச திணைக்களம் அன்று என்பதால் நாம் அவ்வாறு செய்யலாம் என்று எவரும் வாதிட வேண்டாம். அரசுக்குக் கூடாதது அயலவருக்கும் கூடாது.

அங்கவீனத்தைக் காரணங் காட்டி வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டுவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. போரில் காலிழந்த ஒருவர் கணக்கு எழுத முடியுமா என்று கேட்பதில் பொருளில்லை. கலியாணம் ஆகுமா, பிள்ளை பெறுவீர்களா என்று பெண்களைக் கேட்பதும் வேலைக்குச் சம்பந்தமில்லாதது.

வயதைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 16 ஆகும். ஆபத்தான வேலைகளுக்கு 18 வயதுக்குக் குறைந்தவர்களை எடுக்கக் கூடாது.

3. சம்மதம் பெறுதல்

விசாரணையின் முதற்படி விண்ணப்பதாரியின் எழுத்து மூலச் சம்மதம். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2025இல் அது திருத்தப்பட்டது. இச்சட்டம் பகுதி பகுதியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்தது. அதன் சாரம் எளிது: ஒருவரைப் பற்றிய விபரத்தைத் தெளிவான ஒரு நோக்கத்துக்காக, தேவையான அளவு மட்டும், அவருக்குத் தெரியத்தக்கதாகச் சேகரி, பத்திரமாக வை, தேவை முடிந்ததும் அகற்று. உடல்நலம், மதம், இனம், அரசியற் கருத்து, குற்றச் செயல்களும் தண்டனைகளும் பற்றிய விபரங்களை இச்சட்டம் விசேட பாதுகாப்புக்குரியவை என வகுத்துள்ளது. நாள் குறிக்கப்படும்வரை காத்திராமல் இப்போதே இவ்வாறு பழகுவது சங்கங்களுக்கு நல்லது.

சம்மதக் கடிதம் இவ்வளவு போதும்:

"நான் காசாளர் பதவிக்கு விண்ணப்பித்துள்ளேன். எனது அடையாள அட்டை, கல்வித் தகைமை, முன்னைய வேலை ஆகியவற்றை இங்கே நான் பெயர் குறிப்பிட்டுள்ள இடங்களில் சங்கம் விசாரிப்பதற்குச் சம்மதிக்கிறேன். கிடைக்கும் தகவல்களை நான் பார்க்கலாம் என்றும், பிழையிருந்தால் விளக்கம் தரலாம் என்றும் எனக்குச் சொல்லப்பட்டது."

இதன் கீழ் திகதியும் கையொப்பமும். தற்போது வேலை செய்யும் இடத்தில் கேட்க வேண்டாம் என்று விண்ணப்பதாரி சொன்னால் அதை மதிக்க வேண்டும். எமது விசாரணையால் இருக்கும் வேலையையும் அவர் இழக்கக் கூடாது.

4. கடதாசிகளைச் சரிபார்த்தல்

அடையாள அட்டை: பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் உண்டு. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு இதனுடன் 500 கூட்டப்படும். 72565 என்று தொடங்கும் அட்டை ஒரு பெண்ணுடையது. 565இல் 500 போக 65. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று கொண்டு எண்ணினால் அது மார்ச் 5. ஆகவே அவர் 1972 மார்ச் 5இல் பிறந்தவர். 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கங்கள் உண்டு. அவற்றில் பிறந்த ஆண்டு நான்கு இலக்கத்தில் இருக்கும். விண்ணப்பத்தில் எழுதிய பிறந்த திகதி இதனோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் உடனே களவு என்று முடிவெடுக்க வேண்டாம். பதிவில் நேர்ந்த பிழையாகவும் இருக்கலாம். அவரையே கேளுங்கள்.

வதிவிடமும் நற்சான்றும்: கிராம அலுவலர் வழங்கி, பிரதேச செயலாளர் மேலொப்பமிடும் சான்றிதழ் இது. இதை விண்ணப்பதாரியே பெற்றுத் தர வேண்டும். நாம் விதானையாரிடம் போய் "ஆள் எப்படி?" என்று காதோடு கேட்பது முறையன்று. பங்குத்தந்தையோ கோயில் ஐயரோ அதிபரோ கொடுக்கும் நற்சான்றுக்கும் ஒரு சொல்: தாம் நேரே அறிந்ததை மட்டும் எழுத வேண்டும். கேட்டவருக்கெல்லாம் ஒரே வசனத்தில் எழுதிக் கொடுக்கும் நற்சான்றுக்குப் பெறுமதி இல்லை.

கல்வித் தகைமை: பொதுப் பரீட்சைப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்தும். சான்றிதழ் தொலைந்தவர் ஆண்டும் சுட்டிலக்கமும் முதலிய விபரங்களுடன் விண்ணப்பித்துப் பெறலாம். எமது தீவுப் பகுதி மக்களைப் பொறுத்தவரை இது மிக முக்கியமானது. பொன்னாலைப் பாலத்தைக் கடந்து உடுத்த உடுப்போடு போனவர்கள் சான்றிதழ்க் கோவையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கடதாசி இல்லாமை பொய்க்கு அத்தாட்சி ஆகாது. பிரதி எடுப்பதற்கு ஒரு மாத தவணை கொடுங்கள். வழி தெரியாவிட்டால் விண்ணப்பத்தை நிரப்ப உதவுங்கள்.

முன்னைய வேலை: ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்று நல்ல சான்று. எந்தக் காலத்தில் எந்த முதலாளி பணம் கட்டினார் என்பது அதில் தெரியும். விண்ணப்பதாரியே அதைப் பெற்றுக் காட்டலாம். ஆனால் பல சிறு முதலாளிகள் ஊழியர் சேமலாப நிதி கட்டுவதில்லை. அந்தக் குற்றம் முதலாளியுடையது; ஊழியரின் மேல் அதைச் சுமத்த வேண்டாம்.

5. பழைய முதலாளியிடம் கேட்கும்போது

நான்கு கேள்விகள் போதும். எக்காலம் முதல் எக்காலம் வரை வேலை செய்தார்? என்ன வேலை? ஏன் விலகினார்? திரும்பவும் அவரை எடுப்பீர்களா? கேட்டவர் பெயர், பதில் சொன்னவர் பெயர், திகதி, நேரம், சொன்ன சொல் ஆகியவற்றை அப்போதே எழுதி வையுங்கள். "ஆள் கொஞ்சம் கவனம்" என்று யாராவது சொன்னால், "நீங்கள் நேரே கண்டது என்ன?" என்று கேளுங்கள். கண்டது ஒன்றும் இல்லையென்றால் அது தகவல் அன்று.

நேர்மையாக, வன்மமின்றி, கேட்க உரிமையுள்ளவருக்கு உண்மையைச் சொல்பவருக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. பொய்யென அறிந்தோ பழிவாங்கவோ சொல்பவர்மேல் மானநட்ட வழக்குத் தொடரலாம். ஆகவே நற்சான்று கேட்பவரும் கொடுப்பவரும் நாவைக் காக்க வேண்டும்.

6. குற்றமும் புனர்வாழ்வும்

சந்தேகம், கைது, வழக்கு, தண்டனை ஆகிய நான்கும் வெவ்வேறானவை. நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்க்கும்வரை ஒருவர் சுற்றவாளி என்றே கொள்ளப்படுவார் என்று அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை சொல்கிறது. ஒருவரைப் பொலிசார் ஒருநாள் கூட்டிச் சென்றார்கள் என்பது அவர் கள்ளன் என்பதற்குச் சான்றாகாது.

2009இன் பின் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்ட முன்னாள் போராளிகளின் தொகை ஏறக்குறைய 12,000 என அரசாங்கம் தெரிவித்தது. புனர்வாழ்வு என்பது நீதிமன்றத் தண்டனை அன்று. அவர்களுக்கு விடுவிப்புச் சான்றிதழும் கொடுக்கப்பட்டது. ஆயினும் பலருக்கு அந்தச் சான்றிதழே வேலைக்குத் தடையாயிற்று. காட்டினால் பயப்படுகிறார்கள், காட்டாவிட்டால் ஒளித்தார் என்கிறார்கள். இப்படி வேலை மறுக்கப்பட்டவர்களுள் கண்ணிழந்தோரும் கையிழந்தோரும் பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் தாய்மாரும் உள்ளனர். ஒரு ஊர் தன் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கப் பயந்தால், அவர்கள் போக வேறு ஊர் ஏது? காசாளர் வேலைக்கு இயக்கத்தில் இருந்தாரா என்பது சம்பந்தமற்ற கேள்வி. அதைப் பட்டியலிலிருந்து வெட்டி விடுங்கள்.

தண்டனை உண்மையாகவே இருந்தால் மூன்று விடயங்களைப் பாருங்கள்: குற்றம் எத்தகையது? எவ்வளவு காலம் சென்றுவிட்டது? இந்த வேலைக்கு அது சம்பந்தமா? இருபது வருடத்துக்கு முன் சண்டை பிடித்துக் குற்றப்பணம் கட்டியவர் ஆலை நடத்தத் தகுதியற்றவர் ஆகமாட்டார். சிறுவருக்குத் தீங்கு செய்து தண்டனை பெற்றவரை முன்பள்ளியில் சேர்ப்பது எக்காலத்திலும் கூடாது.

இலண்டனில் இருக்கும் எமது உறவினர்களுக்கு இந்த முறை பழக்கமானது. பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, குறித்த காலம் கழிந்த பின் பல தண்டனைகளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சிறுவர்களோடும் நோயாளரோடும் வேலை செய்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. அவர்களின் பதிவுகள் விசேடமாகப் பார்க்கப்படும். மன்னிப்புக்கும் எச்சரிக்கைக்கும் ஒரே சட்டத்தில் இடம் இருக்கிறது.

7. இரகசிய வழிகள் வேண்டாம்

பேஸ்புக் கடவுச்சொல்லைக் கேட்பது, தொலைபேசியை வாங்கிப் பார்ப்பது, வங்கியில் வேலை செய்யும் மருமகனிடம் கணக்கு விபரம் எடுப்பிப்பது, வைத்தியசாலையில் தெரிந்தவர் மூலம் நோய் விபரம் அறிவது ஆகியன எல்லாம் தவறு. அனுமதியின்றி மற்றவரின் கணினிக் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டமும் ஒருவரின் சொந்த விபரங்களை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுப்பதற்காக ஆக்கப்பட்டதன்று.

8. பாதகமான செய்தி கிடைத்தால்

எமது உதாரணத்துக்கு வருவோம். மூன்றாமவரின் பழைய கடை முதலாளி, "காசு குறைஞ்ச ஒரு பிரச்சினை இருந்தது" என்று தொலைபேசியில் சொல்லி வைத்துவிடுகிறார். இப்போது சபை என்ன செய்யும்? வழமையாக, "வேறு ஆளை எடுத்துவிட்டோம்" என்று ஒரு கடிதம் போகும். காரணம் அவருக்குத் தெரியாது. ஊருக்கு மாத்திரம் தெரியும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1970இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட சட்டமொன்று, விசாரணை நிறுவனத்திடம் பெற்ற அறிக்கையைக் கொண்டு வேலையை மறுக்க எண்ணும் முதலாளி, மறுப்பதற்கு முன்பே அந்த அறிக்கையின் பிரதியை விண்ணப்பதாரிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. இந்த ஒழுங்கு எமக்கும் நல்லது. இருவர் முன்னிலையில் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எமது கதையில் அந்தத் தம்பி சொல்கிறார்: "காசு குறைஞ்சது உண்மை. அது நான் அம்மாவை ஆசுப்பத்திரியிலை வைச்சுக்கொண்டு லீவிலை நிண்ட கிழமை. முதலாளிக்கும் தெரியும். வேணுமெண்டால் திரும்பக் கேளுங்கோ." திரும்பக் கேட்டபோது முதலாளி, "ஓம், அது இவர் இல்லை. பிரச்சினை இருந்தது எண்டுதான் சொன்னனான்" என்கிறார். ஒரு அழைப்போடு நிறுத்தியிருந்தால் ஒரு பொடியனின் பெயர் காரைநகர் முழுவதும் கெட்டிருக்கும்.

9. வேலையில் சேர்ந்த பின்

எந்த முன்விசாரணையும் நல்ல கணக்கு முறைக்கு ஈடாகாது. காசு வாங்குபவர் ஒருவர், பதிபவர் வேறொருவர் என்று பிரித்து வையுங்கள். மாதம் ஒருமுறை முன்னறிவித்தல் இன்றி இருப்பைப் பாருங்கள். தலைவியின் கையில் காசு இருந்தால் அதையும் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே விதமாகச் செய்தால் அது எவருக்கும் அவமானம் ஆகாது.

ஊழியர்மேல் சந்தேகம் வந்தால் எழுத்தில் விளக்கம் கேட்டு, விசாரணை வைத்து, அவர் சொல்வதைப் பதிந்த பின்பே தீர்மானிக்க வேண்டும். நியாயமின்றி நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குப் போகலாம்.

விசாரணைக் கடதாசிகளைப் பூட்டிய அலுமாரியில் வையுங்கள். இருவர் மட்டும் பார்க்கலாம் என்று தீர்மானம் எழுதுங்கள். தெரிவாகாதவர்களின் பிரதிகளைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது எரித்து விடுங்கள். அவை கடையில் கச்சான் சுற்றும் கடதாசியாக மாறக் கூடாது.

10. விண்ணப்பதாரியும் விசாரிக்க வேண்டும்

வேலை கொடுப்பவரைப் பற்றி அறியும் உரிமை வேலை தேடுபவருக்கும் உண்டு. சம்பளம் எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்டுகிறாரா, நியமனக் கடிதம் தருவாரா என்று கேளுங்கள். வெளிநாட்டு வேலை என்று சொல்லிப் பாஸ்போட்டையும் காசையும் கேட்பவர் வந்தால், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி அவருக்கு உண்டா என்று 1989 இலக்கத்தில் விசாரித்த பின்பே ஒரு சதமாவது கொடுங்கள்.

முடிவாக

எமது சங்கத்தில் இப்போது நிலைமை என்ன? அந்த அக்காவின் பெறுபேறு உறுதியாகி வந்துவிட்டது. இரண்டாமவரிடம் கேட்கத் தேவையற்ற கேள்வி வெட்டப்பட்டுவிட்டது. மூன்றாமவரின் பெயரில் விழுந்த கறை நீங்கிவிட்டது. மூவரும் நிமிர்ந்த தலையோடு சபைக்கு முன்னால் நிற்கிறார்கள். இனிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கணக்குப் புத்தகத்தை யார் நன்றாக எழுதுவார்? மூவரிடமும் ஒரே மாதக் கணக்கைக் கொடுத்து, ஒரு மணித்தியாலம் எழுத விடுங்கள். விடை அதில் தெரியும்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் சங்கம் கடைசியாக ஆள் எடுத்தபோது எவற்றை விசாரித்தது? அவற்றுள் வேலைக்குச் சம்பந்தமற்றவை எவை?

2. முன்பள்ளி ஆசிரியை, படகோட்டி, காவலாளி ஆகிய மூன்று வேலைகளுக்கும் தனித்தனியே விசாரணைப் பட்டியல் எழுதுக.

3. உங்கள் ஊரில் ஒருவருக்கு வேலை மறுக்கப்பட்டு, காரணம் அவருக்குச் சொல்லப்படாமல் போனதுண்டா? பெயர் சொல்லாமல் அந்த நிகழ்ச்சியை ஆராய்க. நீங்கள் சபையில் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?

4. இடப்பெயர்வில் சான்றிதழ் இழந்த எத்தனை பேர் உங்கள் சங்கத்தில் உள்ளனர்? அவர்கள் பிரதி பெறுவதற்கு ஒரு நாளை ஒதுக்கி உதவ முடியுமா?